ஓரத்து வடலி

1. ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அப்பா கம்பு மாவு வாங்க நாகலாபுரத்துக்குப் போனார். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னார்.
2. உச்சிப்பொழுதில் மழை பிடித்தது.
3. ஓடையில் வெள்ளம் வந்தது. அப்பா அக்கரையில் நின்றுபோனார்.
4. செவ்வாய்க்கிழமை காலை வரை நாற்பத்து மூன்று ஆடுகளோடு நான் பாறை மேட்டில் இருந்தேன்.
5. மரங்களில் கிடைத்ததைத் தின்றேன்.
6. அதில் ஒரு மரம் செத்தது.

எதையும் முதலில் இப்படி எண் போட்டுக்கொண்டால்தான் எனக்குப் பிறகு எழுத வரும். விதைப் பரிசோதனை அறையில் வேலை பார்ப்பதால் வந்த பழக்கம் என்று உடன் இருப்பவர்கள் சொல்வார்கள். பழக்கம் அதற்கும் முந்தியது. ஆனால் இந்த ஆறு வரியில் அடங்காத ஒன்று நாக்கில் இருக்கிறது. மழையில் நனைந்த பனங்குருத்து முதல் கடியில் இளநீர் வழுக்கை மாதிரி இனிக்கும். நாலாவது ஐந்தாவது கடியில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கசக்கும். பன்னிரண்டு வருடங்கள் ஆகியும், அவித்த பனங்கிழங்கை யாராவது நார் உரித்து நீட்டினால் அந்தக் கசப்புத்தான் எனக்கு முதலில் வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது ஆட்டுக்காரக் குடும்பம். அறுவடை முடிந்த கரிசல் காடுகளில் இரவுக்கு ஆடுகளை அடைத்துப் போட்டு நிலத்துக்கு உரம் ஏற்றுவதைக் "கிடை போடுதல்" என்பார்கள்; அதற்காக வருடத்தில் பாதி நாள் அப்பா ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். அந்த வருடம் எனக்குப் பதினொரு வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புதான் கடைசி; அதை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று யாரும் கேட்காத ஒரு வருடத்தில் நான் இருந்தேன். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. பால் ஆடுகளையும் குட்டிகளையும் வைத்துக்கொண்டு அம்மா ஊரில் இருக்க, கிடாய்களையும் பால் வற்றிய ஆடுகளையும் பத்திக்கொண்டு அப்பாவும் நானும் நாகலாபுரத்துக்குத் தெற்கே, ஓடைக்கு இப்புறம் இருந்த ஒரு காட்டுக்கு வந்திருந்தோம். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உழுது போட்ட கறுப்பு மண். வீடு கிடையாது, புகை கிடையாது. நடுவில் ஒரே ஒரு பாறை மேடு. எங்கள் பக்கத்தில் அதைப் "பொத்தை" என்போம். மேட்டில் நாலைந்து வெள்வேல மரங்கள், ஒரு புளியமரம், ஓர் இலந்தைச் செடி, சரிவில் பழைய பெண்பனை ஒன்று, அதற்குக் கீழே சரளை மண்ணில் ஒரே நேராக ஏழு வடலிகள்.

பனை உயர்ந்து மரமாவதற்கு முந்திய பருவத்தை வடலி என்பார்கள். அந்த ஏழும் தாமாக முளைத்தவை அல்ல. நாகலாபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த காதர் மாமா ஆறேழு வருடங்களுக்கு முன்பு தன் கையால் கொட்டை ஊன்றி வளர்த்தவை. அந்தச் சரளை நிலம் அவருடையது. வாரத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வந்து, ஒவ்வொன்றின் மட்டையையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். ஆடு எட்டாமல் இருக்க முள் கட்டி வைத்திருந்தார். வரும்போதே தூரத்திலிருந்து குரல் கொடுப்பார்.

"என்ன புள்ள, ஏழு பேரும் சொகமா இருக்காவளா?"

பிள்ளைகளை விசாரிக்கிற மாதிரித்தான் கேட்பார். நானும் "சொகம் மாமா" என்பேன். அந்தக் காட்டில் அப்பாவைத் தவிர என்னிடம் வாய் திறந்து பேசியவர் அவர் ஒருவர்தான். எதற்கு மாமா பனை என்று ஒருநாள் கேட்டேன். "முப்பது வருசமாக் கடையில கருப்பட்டி விக்கேன். ஒரு பனை வச்சது கெடையாது. நல்லாவா இருக்கு, சொல்லு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா புறப்படும்போது வானம் வெறிச்சென்றுதான் இருந்தது. "ஏட்டி, மழை எறங்குத மாதிரி இருந்தா ஆட்ட மேட்டுக்குப் பத்திரு. கரிசல்ல நிக்க விட்டியோ, கொளம்பு அழுகிப் போவும்" என்று சொல்லிவிட்டு, சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். கரிசலில் மழை விழுந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: காய்ந்து கல்லாய்க் கிடந்த மண் ஒரு மணி நேரத்தில் பிசைந்த மாவு ஆகிவிடும், ஓர் எட்டு வைத்தால் ஒரு படி மண் காலோடு வரும், பத்து எட்டில் முழங்கால் வரை மண் மூட்டை கட்டிக்கொண்டு நடக்க முடியாமல் நின்றுவிடுவோம், வண்டி மாடே படுத்துவிடும். முதல் தூறலில் ஆடுகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டேன். கடைசிக் கிடாயை ஏற்றி முடிக்கும்போது கீழே ஓடை இரையத் தொடங்கிவிட்டது.

கலயத்தில் மிச்சம் இருந்த கஞ்சியை அன்று சாயங்காலம் குடித்துவிட்டேன். அப்பா எப்படியும் வந்துவிடுவார் என்ற நினைப்பு. தீப்பெட்டி கோவில்பட்டித் தீப்பெட்டிதான்; நமத்துப்போய், உரசினால் மருந்து உதிர்ந்தது. சாக்கை முக்காடு மாதிரி மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு பாறை இடுக்கில் உட்கார்ந்து ஆடுகளை எண்ணினேன். நாற்பத்து மூன்று. திரும்ப எண்ணினேன். எண்ணுகிறபோது மட்டும் யாரோ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டபோது அக்கரையில் அப்பா நிற்பது தெரிந்தது. விரல் நீளம்தான் தெரிந்தார். ஓடை கலங்கிச் சிவந்து, வேரோடு ஒரு முருங்கையை உருட்டிக்கொண்டு போனது. அவர் துண்டில் எதையோ பொதிந்து, பின்னால் ஓடி வந்து, முழுப் பலத்தோடு வீசினார். பொட்டலம் நடு ஓடையில் விழுந்தது. துண்டு மட்டும் விரிந்து கொஞ்ச தூரம் மிதந்தது. என்ன பொதிந்திருந்தார் என்று பிறகு கேட்டேன். கம்பு உருண்டையும் வெங்காயமும். அம்மா கொடுத்தனுப்பிய துண்டு போச்சே என்று அந்த நேரத்தில் நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

பிறகு இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினார். காற்று எங்கள் பக்கமாக அடித்ததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஆடு திங்கதப் பாத்துத் தின்னு ஏட்டீ! ஆட்ட விட்டுட்டு எறங்கிராத!"

நானும் கத்தினேன். எதிர்க்காற்று, அவருக்குக் கேட்டிருக்காது. காதில் கை வைத்து வைத்துப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. காலையும் மாலையும் அவர் வந்து நிற்பார், நான் தழை அறுக்கும் தொரட்டியைத் தூக்கிக் காட்டுவேன், அவர் போய்விடுவார். பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர் என்று இருந்தால்தான் அதற்குப் பெயர் பேச்சு என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஆடு தின்பதைப் பார்த்துத் தின்னலாம் என்பது ஆட்டுக்காரர்களுக்கு வேத வாக்கு. ஆடு வாய் வைக்காத தழையில் நஞ்சு இருக்கும், ஆடு வாய் வைத்ததை நாமும் தின்னலாம் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அப்பாவின் அப்பா பஞ்ச காலத்தில் அப்படித்தான் பிழைத்தாராம். ஆகவே நான் ஆடுகளைப் பார்த்தேன். தொரட்டி என்பது நீளக் கம்பின் நுனியில் சிறு அரிவாள் கட்டியது. அதைக் கொண்டு வெள்வேலங் கிளைகளை இழுத்து அறுத்துப் போட, ஆடுகள் முண்டியடித்துக்கொண்டு தின்றன. எந்தக் கொழுந்தைக் கொம்பன் கிடாய் முதலில் கடித்ததோ அதே கொத்தில் நானும் உருவி வாயில் போட்டேன். துவர்ப்பு. நாக்கு தோல் மாதிரி ஆனது. ஆனாலும் பசி, இரண்டு கை நிறையத் தின்றேன். புளியங்காயையும் தின்றது கொம்பன்; நானும் தின்றேன், பல் கூசி வாயை மூட முடியவில்லை.

மத்தியானம் தலை சுற்றி, கண் இருண்டு, வாந்தி எடுத்தேன். எடுத்ததற்கும் மேல் எடுத்தேன். ஆடுகள் தின்றதை அசைபோட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தன. இப்போது காரணம் சொல்ல எனக்குத் தெரியும்: வெள்வேலந் தழையில் மனித உடம்புக்கு ஆகாத சத்து உண்டு, தவிரவும் ஆட்டின் இரைப்பைக்கு நாலு அறை, என்னுடையதற்கு ஒன்று. அந்த மூன்று அறையை விட்டுவிட்டுத்தான் எங்கள் வீட்டார் அத்தனை காலமும் அப்படிச் சொல்லிவந்தார்கள். அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. அப்பா சொன்னபடி செய்தேன், செத்துப்போகப் போகிறேன், அக்கரையில் இருந்து பார்த்தால் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

அன்று மாலை அவர் வந்தபோது எழுந்து நிற்க முடியவில்லை. படுத்தபடியே தொரட்டியைத் தூக்கிக் காட்டினேன். போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெண்பனையின் அடியில் துழாவினேன். ஆவணியில் விழுந்த பழங்களில் மக்கள் பொறுக்கிப் போனது போக நாலு கொட்டைகள் மண்ணில் பாதி புதைந்து முளைவிட்டிருந்தன. முளைவிட்ட பனங்கொட்டையைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி, இனிப்பாக ஒரு பண்டம் இருக்கும், "தவுண்" என்போம். கல்லால் இடித்துப் பிளந்தேன். இரண்டு அழுகல். இரண்டில் தவுண் இருந்தது. சுண்டு விரலால் சுரண்டிச் சுரண்டி, உள் ஓட்டை நக்கி, அரை மணி நேரம் தின்றேன். வயிறு அதை வைத்துக்கொண்டது. வைத்துக்கொண்டதும் பசி முன்னைவிட மோசமாக வந்தது.

இனி என்ன இருக்கிறது என்று பாறையில் செங்கல் சில்லால் எழுதிப் பார்த்தேன். வெள்வேல்: ஆகாது. புளியங்காய்: பல் ஆகாது. இலந்தை: பிஞ்சு, தைக்குத்தான் பழுக்கும். தவுண்: தீர்ந்தது. மழை எழுத்தை அழித்துக்கொண்டே வந்தது. அழிய அழிய எழுதினேன். கடைசி வரியாக "வடலி" என்று எழுதிவிட்டு, எழுதியதைக் கையால் நானே அழித்தேன்.

குருத்து தின்னலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். குருத்தை எடுத்தால் பனை செத்துவிடும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதற்குக் குருத்து ஒன்றுதான். வெட்டிய இடத்தில் பக்கத்தில் இன்னொன்று தழையாது. எங்கள் பக்கத்தில் மரம் வெட்டுவதைச் சாதாரணமாகச் சொல்பவர்கள்கூட வடலியை வெட்டியவனை வேறு விதமாகப் பேசுவார்கள்.

திங்கட்கிழமை காலை அப்பா வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? (மேற்கே சுற்றி வந்தால் வழி இருக்குமா என்று பார்க்கப் போயிருந்தார்.) உச்சிப்பொழுது வரை அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தொரட்டியின் கயிற்றை அவிழ்த்து அரிவாளைத் தனியே எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

எதை வெட்டுவது என்பதில் நான் யோசித்த யோசனை இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நடுவில் ஒன்றை எடுத்தால் வரிசையில் பல் விழுந்த மாதிரி தெரியும். ஓரத்தில் உள்ளதை எடுத்தால் வரிசை வரிசையாகவே இருக்கும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. கிழக்கு ஓரத்தில் நின்றதன் முள்ளைப் பிரித்தேன். பனை மட்டையின் இரு விளிம்பிலும் ரம்பம் மாதிரி "கருக்கு" இருக்கும். ஒவ்வொரு மட்டையாக அறுத்து ஒதுக்குவதற்குள் இரண்டு உள்ளங்கையும் கிழிந்துவிட்டது. மண் நனைந்திருந்ததால் அடியைத் தோண்ட முடிந்தது. உள்ளே போகப் போகப் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் வெள்ளையாகி, கடைசியில் என் முழங்கை நீளத்துக்கு ஈர வெள்ளையாக ஒன்று கையில் வந்தது. அங்கேயே உட்கார்ந்து தின்றேன். பாதிக்கு மேல் முடியவில்லை. மிச்சத்தைக் கொம்பன் வந்து தின்றுவிட்டது.

மறுநாள் வெள்ளம் இறங்கி, அப்பா இடுப்புத் தண்ணீரில் வந்து சேர்ந்தார். முதலில் ஆடுகளை எண்ணினார். நாற்பத்து மூன்று என்று சொல்லிக்கொண்டார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். திரும்பிய பிறகு ரொம்ப நேரம் வேறு பக்கம் பார்க்கவில்லை.

"என்னத்தட்டி தின்ன?"

வரிசையாகச் சொன்னேன். ஒன்றை விட்டுவிட்டுச் சொன்னேன். கையில் என்ன என்றார், வேலமுள் என்றேன். அறுந்து கிடந்த வடலியைப் பார்த்துவிட்டு வந்து கேட்டபோது, முள்ளம்பன்றி தோண்டியதாகச் சொன்னேன். நம்பினார். நான் அதுவரை அவரிடம் பொய் சொன்னதில்லை. நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமை காதர் மாமா வந்தார். சைக்கிள் அவரைச் சுமக்கவில்லை. சக்கரத்தில் அப்பிய மண்ணோடு அவர்தான் சைக்கிளைத் தோளில் சுமந்து வந்தார். தூரத்திலேயே குரல் கேட்டது: "ஏழு பேரும் சொகமா?" நான் ஆடுகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன். அவர் வரிசையின் முன்னால் வந்து நின்றார். ஓரத்து இடம்தான் அவர் கண்ணுக்கு முதலில் பட்டது.

"முள்ளம்பன்னி வேலை அண்ணாச்சி. புள்ள பாத்திருக்கா" என்றார் அப்பா.

மாமா குனிந்து, அறுந்த மட்டை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "முள்ளம்பன்னியா? நம்ம பக்கத்து முள்ளம்பன்னி அருவா புடிக்கப் படிச்சிட்டா, சுடலை? வெட்டு ஒரே வாட்டமா விழுந்திருக்கே" என்று அப்பாவிடம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "அந்த முள்ளம்பன்னியோட கையக் கொஞ்சம் காட்டச் சொல்லு, கருக்குக் கிழிச்சிருக்கான்னு பாப்போம்."

அப்பாவின் முகம் மாறியது. "ஏட்டி! வடலி நட்டவிய முன்னால என்னப் பொய் பேச வச்சிட்டியே" என்று கையை ஓங்கினார்.

"கைய எறக்குடே. அவள அடிச்சா வடலி ஒட்டிக்கிடுமா?" மாமா பாறையில் உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. "குருத்து எப்பிடிப் புள்ள இருந்துச்சு?"

"மொதல்ல இனிச்சுது. பொறவு கசந்துது."

"முழுசும் தின்னியா?"

"பாதி. மீதிய ஆடு தின்னுட்டு."

"சரிதான். என் வடலிய வெட்டி ஆட்டுக்குமா பந்தி வச்ச?" என்றார். அப்போதுதான் சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை. எழுந்து போய், எப்போதும் போல ஒவ்வொன்றின் மட்டையையும் தொட்டுக்கொண்டு வந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு." ஓரத்தில் நின்றார். "ஏழாவது ஆளு ஆட்டோட திரியுது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டார். போகிறபோது அப்பாவிடம், "இவள ஆட்டுக்குப் பின்னால விட்டா என் மத்த ஆறையும் எண்ணி எண்ணித் தின்னுருவா. பள்ளிக்கூடத்துல கொண்டு போடுடே" என்றார்.

அப்பா அதற்குப் பிறகு என்னைக் கிடைக்கு அழைத்துப் போகவில்லை. அடுத்த ஆனியில் விளாத்திகுளத்தில் விடுதியோடு பள்ளியில் சேர்த்தார். தண்டனையாகவா, பரிவாகவா என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. விடுதிக்குப் பஸ் ஏறும் இடத்தில் காதர் மாமாவைச் சில தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், "ஆறு பேரும் சொகமா இருக்காவ. ஏழாவது ஆளு எப்பிடி இருக்கு?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. நான் கொன்ற ஒன்றின் இடத்தில் என்னை நிறுத்தி வைத்துக் கூப்பிடுகிறார். அது மன்னிப்பா, மறக்காதே என்று சொல்வதா என்று பிரித்துப் பார்க்க அந்த வயதில் தெரியவில்லை. "சொகம் மாமா" என்று மட்டும் சொல்வேன். இப்போதும் பிரிக்கத் தெரிகிறது என்று சொல்ல மாட்டேன்.

நான் படித்தேன், பயிற்சி முடித்தேன், வேலையில் சேர்ந்தேன். ஈரத் தாளில் விதைகளை அடுக்கி, எத்தனை முளைத்தன, எத்தனை அழுகின என்று எண்ணி எழுதுவது என் வேலை. தரிசு நிலங்களில் விதைப்பதற்காக இந்த எண்பதுகளில் சீமைக்கருவேல விதைதான் மூட்டை மூட்டையாக வருகிறது. நன்றாக முளைக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு என்று எழுதும்போதெல்லாம், ஐப்பசியில் இதில் தின்ன என்ன இருக்கும் என்று ஒரு கேள்வி வருகிறது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

போன மாதம் வேலையாக நாகலாபுரம் போனவள் பொத்தை வரை நடந்தேன். தனியாகத்தான். வெள்வேல மரங்களை விறகுக்கு வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் சீமைக்கருவேல் முளைத்திருக்கிறது. புளியமரம் இருக்கிறது. பழைய பெண்பனை இடி விழுந்து தலை இல்லாமல் நிற்கிறது. நான் எழுதி அழித்த பாறை சரளைக்காக உடைக்கப்பட்டுவிட்டது. காதர் மாமா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கடையை மகன் பார்க்கிறார், பனைகளைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை.

பனை பாளை விடும் வரை ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வரிசை வரிசையாகவே நிற்கிறது. தெரியாதவர்களுக்கு ஓரத்தில் ஒன்று குறைவது தெரியாது. ஆறு பனைகள். ஒன்று இவ்வருடம் பாளை விட்டிருக்கிறது, அது ஆண். ஐந்து இன்னும் தெரியாது. ஏழாவது என்னவாக இருந்திருக்கும் என்பது தெரிய வழி இல்லை.